பேஜா, வட்ஸ்அப்பா, யூரியூப்பரா: ஒரு கறித்தூள் வியாபாரத்துக்கு எது பொருந்தும்?

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் நான் நடத்தும் அச்சகம் சின்னது. கலியாணக் காட், பில் புத்தகம், நினைவு மலர், அப்புறம் வீட்டில் சாமான் செய்து விற்பவர்களின் பைகளுக்கும் போத்தல்களுக்கும் ஒட்டுகிற ஸ்ரிக்கர். இந்தக் கடைசி வேலைதான் நாலைந்து வருடமாகக் கூடிக்கொண்டு போகிறது. ஸ்ரிக்கர் அடிக்க வருகிறவர்களில் பாதிப்பேர் போகும்போது இன்னொன்றும் கேட்பார்கள்: "தம்பி, இதைப் பேஸ்புக்கில எப்பிடிப் போடுறது?"

போன மாதம் அப்படிக் கேட்டவர் கொக்குவிலில் இருந்து வரும் ஓர் அக்கா. வீட்டில் கறித்தூள் செய்து விற்கிறார். செத்தல் மிளகாய், மல்லி, மிளகு, சீரகம், பெருஞ்சீரகம், வெந்தயம், கறிவேப்பிலை என்று ஒவ்வொன்றையும் தாச்சியில் தனித்தனியாக வறுத்து, மில்லில் கொடுத்து அரைத்து, ஆறவிட்டு, அரைக்கிலோப் பைகளில் கட்டுகிறார். கிழமைக்குப் பத்துக் கிலோ. அதற்கு மேல் அவருடைய கையும் தாங்காது, மிளகாய் காயப்போடுகிற முற்றமும் காணாது.

கொப்பி ஒன்றில் நாலு வரி எழுதிக்கொண்டு வந்திருந்தார். பேஸ்புக் பேஜ், வட்ஸ்அப், யூரியூப்பரைக் கூப்பிடுவது, கூகுள் மப். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அதைச் சொன்னவரின் உறவுமுறையும் இருந்தது. யூரியூப்பர் யோசனை பிரான்ஸில் இருக்கும் மச்சானுடையது. காசும் தானே தருகிறாராம்.

"எல்லாத்தையும் செய்யட்டோ, ஒண்டை மட்டும் செய்யட்டோ?"

நான் பதிலுக்கு ஒரு கேள்வி கேட்டேன். "அக்கா, அடுத்த கிழமை நூறு பேர் கேட்டால் என்ன செய்வியள்?" கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "கடையில வாங்கித்தான் குடுக்கவேணும்" என்று சிரித்தார். அவர் பகிடியாகச் சொன்னார். ஆனால் அப்படியே செய்து பெயரைக் கெடுத்துக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். அதனால் நாலு வழியையும் அந்தப் பத்துக் கிலோவை வைத்தே அளந்து பார்த்தோம். எது எத்தனை பேருக்குக் கேட்கும், எவ்வளவு கெதியாகக் கேட்கும், கேட்டவர்களுக்கு நாங்கள் என்ன கடமைப்படுகிறோம்?

வட்ஸ்அப்

இதிலிருந்து தொடங்கக் காரணம், அக்கா ஏற்கெனவே இதைத்தான் செய்துகொண்டிருந்தார். மகனின் வகுப்பு அம்மாமாரின் குரூப்பில் "இண்டைக்குத் தூள் இருக்கு" என்று போடுவார், நாலைந்து பேர் வாங்குவார்கள். பிழையும் அங்கேதான். அந்தக் குரூப் பிள்ளைகளின் வீட்டுப்பாடத்துக்கு. யாழ்ப்பாணத்தில் ஒருவருக்கு ஊர்க் குரூப், கோயில் குரூப், பழைய மாணவர் குரூப் என்று குறைந்தது நாலாவது இருக்கும். ஒருமுறை எங்கள் ஊர்க் குரூப்பில் மரண அறிவித்தல் வந்து, "ஆழ்ந்த அனுதாபங்கள்" வரிசையாக விழுந்துகொண்டிருந்தது. நடுவில் ஒருவர் "மொறுமொறுப்பான பருத்தித்துறை வடை, வீடு தேடி வரும்" என்று படத்தோடு போட்டுவிட்டார். கெட்ட மனிதர் அல்லர். முதல் நாளே எழுதி வைத்திருந்ததை மேலே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் அனுப்பியிருக்கிறார். அன்றைக்கு அவருக்கு விழுந்த பேச்சு வடையில் போட்ட மிளகாயைவிடக் காரம்.

வியாபாரத்துக்கென்றே வட்ஸ்அப் பிஸ்னஸ் என்ற தனிச் செயலி 2018 இல் வந்தது. காசு இல்லை. பொருளின் படமும் விலையும் போட்டு வைக்க ஒரு பட்டியல், திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு முன்பே எழுதி வைத்த பதில், இரவில் யாராவது கேட்டால் "காலையில் பதில் தருகிறோம்" என்று தானாகப் போகும் செய்தி, இவ்வளவும் அதில் உண்டு. இரண்டு சிம் போடுகிற போனாக இருந்தால் வியாபாரத்துக்கு ஒரு புது நம்பர் எடுத்து அதில் இதைத் திறக்கலாம். வீட்டில் இருந்து வியாபாரம் செய்கிற பெண்களுக்கு இதை நான் கட்டாயம் சொல்வேன். சொந்த நம்பரை ஒருமுறை ஊருக்குக் கொடுத்தால் திரும்ப வாங்க முடியாது.

அக்காவுக்கு ஒரு வாடிக்கையாளர் குரூப் தொடங்கத்தான் ஆசை. வேண்டாம் என்றேன். குரூப்பில் சேர்ந்த ஒவ்வொருவரின் நம்பரும் மற்ற எல்லோருக்கும் தெரியும். தூள் வாங்க வந்த ஒரு பிள்ளைக்கு, அதே குரூப்பில் இருந்த முன்பின் தெரியாத ஒருவர் இரவு 11 மணிக்கு "ஹாய்" அனுப்பினால் அதற்கு யார் பொறுப்பு? நம்பரை வெளியில் வைத்தவர்தான். அதற்குப் பதில் புரோட்காஸ்ட் லிஸ்ட் இருக்கிறது. ஒரே செய்தி 256 பேர் வரை தனித்தனியாகப் போகும், ஒருவரின் நம்பர் மற்றவருக்குத் தெரியாது. இதில் ஒரு நிபந்தனை உண்டு. உங்கள் நம்பரைத் தன் போனில் சேமித்து வைத்தவருக்குத்தான் அது போய்ச் சேரும். "அப்ப பாதிப்பேருக்குப் போகாதே" என்று வியாபாரிகள் குறை சொல்வார்கள். எனக்கு அதுதான் இதில் பிடித்த விஷயம். நம்பரைச் சேமித்தவர் கதவைத் திறந்து வைத்தவர். சேமிக்காதவரின் வீட்டுக்குள் ஏன் போகவேண்டும்?

அதனால் ஸ்ரிக்கரோடு ஒரு சின்னத் துண்டும் அடித்துக் கொடுத்தேன். "அடுத்த முறை தூள் வறுக்கும்போது அறிவிக்க வேண்டுமென்றால் இந்த நம்பரைச் சேமித்து 'ஓம்' என்று அனுப்புங்கோ. வேண்டாம் என்றால் எப்போதும் 'போதும்' என்று அனுப்பலாம்." ஒவ்வொரு பைக்குள்ளும் ஒன்று. கிழமைக்கு ஒரே ஒரு செய்தி, வறுக்கிற நாளுக்கு முதல் நாள். தினமும் காலை வணக்கமும் பூப்படமும் அனுப்பக் கூடாது என்று சொன்னபோது அக்காவின் முகம் கொஞ்சம் வாடியது. ஆனால் பலர் சேர்ந்து ஒரு நம்பரை முடக்கினாலோ முறைப்பாடு கொடுத்தாலோ வட்ஸ்அப் அந்த நம்பரையே நிறுத்திவிடக்கூடும். பூப்படத்துக்காக நம்பரை இழப்பதா?

வாங்கியவர்களின் பெயரும் நம்பரும் முகவரியும் சேரச் சேர அது இன்னொரு வகைப் பொறுப்பு. பக்கத்தில் சேலை விற்பவர் "உங்கட லிஸ்டை ஒருக்காத் தாங்கோ" என்று கேட்டால் கொடுக்கக் கூடாது. அவர்கள் தூளுக்காகத் தந்த நம்பர் அது, சேலைக்காக அல்ல. தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க இலங்கையில் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. நுகர்வோரை ஏமாற்றும் விளம்பரத்துக்கு எதிரான சட்டம் 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கம். இணையத்தில் பொய்த் தகவல் பரப்புவது பற்றிய நிகழ்நிலைக் காப்புச் சட்டம் 2024 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கம். ஒன்பதில் என்ன ராசியோ தெரியாது, ஞாபகம் வைக்க மட்டும் சுகம்.

வட்ஸ்அப்பின் குறை எல்லோருக்கும் தெரிந்தது. புது ஆள் தேடி வரமாட்டார். ஸ்ரேற்றஸ் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். வளர்ச்சி ஒருவர் இன்னொருவருக்குச் சொல்கிற வேகத்தில்தான் இருக்கும். கிழமைக்குப் பத்துக் கிலோக்காரருக்கு அதைக் குறை என்று சொல்லலாமா என்பது வேறு கேள்வி.

பேஸ்புக் பேஜ்

முதலில் ஒரு வித்தியாசம். சொந்தக் கணக்கில் 5000 நண்பர்களுக்கு மேல் சேர்க்க முடியாது, அதை முழுக்க வியாபாரத்துக்குப் பாவிப்பது பேஸ்புக்கின் விதிக்கும் முரண். அதைவிட முக்கியம், அதில் பிள்ளையின் பிறந்தநாள் படமும் வீட்டுப் படமும் இருக்கும். தூள் வாங்க வருகிற ஒவ்வொருவரும் அதையெல்லாம் புரட்டிப் பார்க்கத் தேவையில்லை. பேஜ் தனி. அதை ஒரு பெயர்ப்பலகையாக நினைத்தால் போதும்.

பெயர்ப்பலகை என்றால் அதில் விலை இருக்கவேண்டும். "விலை என்ன?" என்று கொமென்டில் கேட்டால் "இன்பொக்ஸ் வாங்கோ" என்று பதில் போடுவது இங்கே ஒரு வழக்கமாகிவிட்டது. எனக்கு அது அறவே பிடிக்காது. ஆளைப் பார்த்து விலை சொல்லப்போகிறார்கள், வெளிநாட்டு நம்பர் என்றால் கூட்டிச் சொல்வார்கள் என்றுதான் வாங்குகிறவர் நினைப்பார், பல நேரம் அது உண்மையும்கூட. கடையில் விலைப் பட்டியலைத் தொங்கவிட வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. பேஜும் ஒரு கடைதானே. நிறை, விலை, தயாரித்த திகதி, எப்போது கிடைக்கும், எங்கே வந்து எடுக்கலாம். இவ்வளவையும் மேலே ஒரு பதிவாகப் பின் பண்ணி வைத்தால் பாதிக் கேள்விகள் குறையும்.

படம் உங்கள் தூளின் படமாகவே இருக்கட்டும். கூகுளில் எடுத்த படத்தில் தூள் எப்போதும் செக்கச்செவேல் என்று இருக்கும். வறுத்துச் செய்த யாழ்ப்பாணத் தூள் கபில நிறத்துக்குப் போகும் என்று தெரிந்தவர்தான் உங்கள் வாடிக்கையாளர், அவரை ஏமாற்ற முடியாது. காலை வெயில் வருகிற ஜன்னலுக்குப் பக்கத்தில் சுளகில் பரப்பி எடுத்தால் போன் கமராவே போதும். இன்னொன்று, நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் பாதி ஊர் மச்ச மாமிசம் தொடாது. அந்த நேரத்தில் நண்டுக் கறியோடு தூளைப் படம் எடுத்துப் போடுகிறவருக்கு வியாபாரமும் தெரியவில்லை, ஊரும் தெரியவில்லை. கத்தரிக்காய்க் குழம்பு எதற்கு இருக்கிறது?

பிறகு, சொல்வது உண்மையா என்பது. தூள், ஒடியல்மா, முருங்கை இலைப்பொடி விற்கிறவர்கள் பலர் "சர்க்கரை வியாதியைக் குணமாக்கும்", "கொழுப்பைக் கரைக்கும்" என்று ஸ்ரிக்கரிலும் போட வருவார்கள். நான் அடிப்பதில்லை. உணவைப் பற்றித் தவறான எண்ணம் தரும் விதமாகச் சிட்டை ஒட்டுவதையும் விளம்பரம் செய்வதையும் 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டம் தடுக்கிறது. சட்டத்தை விடுங்கள். உங்கள் பதிவைப் படித்துவிட்டு யாராவது மாத்திரையை நிறுத்தினால்? "அம்மம்மாவின் கைப்பக்குவம்" என்று போடலாம், அது ருசி பற்றிய பேச்சு. வியாதியைத் தொட்டால் அது வேறு பேச்சு.

பேஜைத் தொடங்கினாலும் அதைப் பின்தொடர்கிறவர்கள் எல்லோருக்கும் உங்கள் பதிவு போய்ச் சேராது. அதற்குத்தான் பூஸ்ட் என்ற பெயரில் காசு கேட்கிறார்கள். அதில் தவறில்லை. தினம் எவ்வளவு, எத்தனை நாள் என்று எல்லை போடலாம். யாழ்ப்பாணத்தைச் சுற்றி இத்தனை கிலோமீற்றருக்குள் இருப்பவர்களுக்கு மட்டும் காட்டு என்றும் சொல்லலாம். முடிவுத் திகதி போடாமல் விட்டால் வங்கி அட்டையில் இருந்து காசு போய்க்கொண்டே இருக்கும், இது ஒன்றை மட்டும் கவனிக்கவேண்டும். ரொரன்ரோவுக்கும் லண்டனுக்கும் காட்டலாமா என்று அக்கா கேட்டார். காட்டலாம், ஆனால் ரொரன்ரோவில் பார்ப்பவர் உங்களிடம் நேரே வாங்கமாட்டார். கொக்குவிலில் இருக்கும் தன் தாய்க்குப் போன் எடுத்து, "அம்மா, அடுத்த மாதம் மாமா வரேக்க ரெண்டு கிலோ குடுத்துவிடுங்கோ" என்பார். காசு அங்கிருந்து வந்தாலும் வாங்குகிற கை இங்கேதான் இருக்கிறது. இங்கே காட்டினால் போதும்.

காசு கொடுத்து லைக் வாங்குவது பற்றியும் கேட்டார். இருபதாயிரம் லைக் உள்ள பேஜில் ஒரு பதிவுக்கு மூன்று பேர் விருப்பம் போட்டிருந்தால் பார்க்கிறவருக்கு விளங்காதா? "பகிருங்கள், ஐந்து நண்பர்களை ரக் (tag) செய்யுங்கள், ஒரு கிலோ வெல்லுங்கள்" என்பதும் அதே வகை. சொந்தக் கணக்கில் பகிர்ந்தால்தான் போட்டியில் சேரலாம் என்று சொல்வதைப் பேஸ்புக் அனுமதிப்பதில்லை, லைக்கையும் பகிர்வையும் கெஞ்சிக் கேட்கும் பதிவுகளை 2017 இறுதியில் இருந்தே கீழே தள்ளுகிறது. வெளிநாட்டுச் சொந்தக்காரரைக் கொண்டு "சூப்பர் தூள், மூன்று வருடமாக வாங்குகிறேன்" என்று எழுதுவிப்பதும் வேண்டாம். இது யாழ்ப்பாணம். ஆர் ஆருடைய மச்சாள் என்று கொமென்ட் படிக்கிறவருக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும்.

பேஜில் எனக்கு மிகப் பெரிய பயம் வேறு. பேஜைத் தொடங்கித் தருகிறவர் பெரும்பாலும் பக்கத்து வீட்டுத் தம்பி ஒருவர்தான். தன் கணக்கில் இருந்தே திறந்து தருவார். ஒன்றரை வருடத்தில் அவருக்குக் கனடாவுக்கோ லண்டனுக்கோ விசா வந்துவிடும். பேஜும் அவரோடு பிளேன் ஏறிவிடும். என்னிடம் ஸ்ரிக்கர் அடிக்கிற ஒருவர் இப்படிப் பேஜை இழந்து, பழைய விலையோடு அது இன்னும் இணையத்தில் கிடக்க, புதிதாக இன்னொன்று தொடங்கினார். அதனால் முதல் நாளே முழு உரிமை உங்கள் கணக்குக்கு, உதவிக்கு வருகிறவருக்கு வேலைக்கு வேண்டிய அளவு மட்டும். போனுக்கு வரும் இலக்கத்தைக் கேட்கிற இரண்டாம் பூட்டையும் போட்டுவிடுங்கள். "உங்கள் பேஜ் விதியை மீறிவிட்டது, 24 மணி நேரத்தில் நீக்கப்படும், இங்கே அழுத்துங்கள்" என்று வரும் செய்திகளை அழுத்த வேண்டாம். நிறுவனம் அனுப்புவது போலவே இருக்கும், ஆனால் பாஸ்வேர்ட் திருடவே அது. காசு வாங்குவதிலும் இப்படித்தான். வங்கி ஸ்லிப்பின் படத்தைப் பார்த்துப் பார்சலைக் கொழும்பு பஸ்ஸில் போட்டுவிடாமல், கணக்கில் காசு விழுந்ததைப் பார்த்த பிறகு போடுங்கள்.

யூரியூப்பர்

மச்சானின் யோசனை. இதற்கு ஆதரவாகச் சொல்ல ஒன்று உண்டு: வேகம். நல்ல பார்வையாளர் கூட்டம் உள்ள ஒருவர் வீட்டு முற்றத்தில் நின்று, அக்கா வறுக்கிறதைக் காட்டி, "என்ன ஒரு வாசம் மக்களே" என்று சொன்னால் அடுத்த நாள் காலை போன் அடிக்கத் தொடங்கும். பேஜில் ஆறு மாதம் மினக்கெட்டாலும் வராத கூட்டம் இரண்டு நாளில் வரும்.

அந்த இரண்டு நாள்தான் சிக்கல். வடை சுட்டு விற்ற ஒருவரின் கதை எனக்குத் தெரியும். வீடியோ வந்த கிழமை நூறு கேட்ட இடத்தில் ஆயிரம் கேட்டார்கள். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. வேறிடத்தில் சுட்ட வடையை வாங்கித் தன் பையில் போட்டு, நான் அடித்துக் கொடுத்த ஸ்ரிக்கரையே ஒட்டிக் கொடுத்தார். வீடியோ பார்த்து வந்த கூட்டம் மூன்று கிழமையில் அடுத்த வீடியோவின் பின்னால் போய்விட்டது. பத்து வருடமாக அவரிடம் வாங்கிய பழைய ஆட்கள் முதல் கடியிலேயே வித்தியாசத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அவர்கள் சண்டை பிடிக்கவில்லை, வராமல் விட்டார்கள். பிறகு அவர் என்னிடம் ஸ்ரிக்கர் அடிக்க வரவில்லை.

காசு வாங்கிக்கொண்டு செய்த வீடியோ என்றால் அதைச் சொல்லவேண்டும். யூரியூப்பில் அதற்கென்றே ஒரு குறி இருக்கிறது, போடுவது யூரியூப்பின் விதி. "தற்செயலாக இந்தப் பக்கம் வந்தோம், வாசம் இழுத்தது" என்று தொடங்கும் வீடியோக்களில் எத்தனை பேர் உண்மையில் தற்செயலாக வந்தார்கள் என்று நான் எண்ணப் போவதில்லை. ஆனால் உங்கள் வீட்டு முற்றத்தில் பொய் சொன்னால் அது உங்கள் பொய்யாகவும் ஆகும்.

கமரா என்றதும் என் சின்னம்மாவின் ஞாபகம் வருகிறது. இது தூள் வியாபாரம் அல்ல, ஆனால் இதைச் சொல்லாமல் யாழ்ப்பாணத்து இணைய விளம்பரத்தைப் பற்றி எழுத முடியாது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் காசு அனுப்பி, இங்கே தாய் தகப்பனுக்குக் கேக்கும் பூச்செண்டும் கொண்டுபோய்க் கொடுக்கிற சர்ப்ரைஸ் டெலிவரிகள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். சின்னம்மாவின் எழுபதாவது பிறந்தநாளுக்கு மகன் ஒழுங்கு செய்தான். காலை ஆறரை மணிக்குக் கதவைத் தட்டினார்கள். அவ வீட்டுச் சட்டையோடு, தலையும் வாராமல், பால்காரர் என்று நினைத்துத் திறந்தா. முன்னால் கேக், கமரா, மைக். "அம்மா, உங்கட மகனை நினைச்சு ரெண்டு வார்த்தை சொல்லுங்கோ." அவ அழுதுவிட்டா. அன்றைக்குப் பின்னேரம் அந்த அழுகை பாட்டோடு ரிக்ரொக்கில் ஓடியது. வீட்டு முன்பக்கம், கேற், கழுத்துச் சங்கிலி, தனியாக இருக்கிறா என்ற செய்தி, எல்லாம் அதில் இருந்தது. இரண்டு கிழமை கோயிலுக்குப் போகவில்லை. "ஊர் முழுக்க என்னைச் சட்டையோட பாத்திட்டுது" என்றா. மகன் சண்டை பிடித்து நாலாம் நாள் எடுத்துவிட்டார்கள், ஆனால் அதற்குள் வேறு ஆட்கள் இறக்கிப் போட்டிருந்தார்கள். டெலிவரி செய்தவர்கள் நல்ல பிள்ளைகள்தான். காசு கொடுத்த மகனிடம் அனுமதி கேட்டிருக்கிறார்கள். முகத்தைக் கொடுத்த தாயிடம் கேட்கவில்லை.

அதனால் அக்காவுக்கு நான் சொன்னது இதுதான். யாரைக் கொண்டு படம் எடுத்தாலும், வறுக்க உதவிக்கு வருகிற இரண்டு பெண்களிடமும் முதலில் கேளுங்கள். அவர்கள் வேண்டாம் என்றால் கையை மட்டும் காட்டலாம், தாச்சியைக் காட்டலாம். பிள்ளைகளின் முகம் வேண்டவே வேண்டாம். "கணவனை இழந்த குடும்பம், கை கொடுங்கள்" என்ற மாதிரித் தலைப்பையும் ஒத்துக்கொள்ள வேண்டாம். அக்கா தூள் விற்கிறார், துயரத்தை அல்ல. இதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. மச்சான் சொன்ன யூரியூப்பர் அந்தத் தலைப்பைத்தான் முன்னரே சொல்லியிருந்தாராம்.

கூகுள் மப்

இதில் நிறையப் பேச ஒன்றுமில்லை. காசு இல்லை. கடை உள்ளவர்கள் கட்டாயம் செய்யவேண்டும், குறிப்பாகத் திருவிழாக் காலத்தில் வெளியூரில் இருந்து வந்து, "கிட்ட எங்க இருக்கு" என்று போனில் தேடுகிறவர்களுக்காக. அக்கா வீட்டில் இருந்து செய்பவர், கேற்றில் ஆட்கள் வந்து நிற்பது அவருக்கு விருப்பமில்லை. முகவரியை மறைத்து, எந்தப் பகுதிக்குக் கொடுக்கிறோம் என்பதை மட்டும் காட்டவும் வழி இருக்கிறது. செய்து வைத்துவிட்டு ஆறு மாதத்துக்கு ஒருமுறை நம்பர் சரியா என்று பார்த்தால் போதும். குறை சொல்லி ஒருவர் எழுதினால் இரவோடு இரவாகப் பதில் எழுதாமல், காலையில் தேத்தண்ணி குடித்துவிட்டு எழுதவேண்டும்.

இனி, எந்த வழியானாலும் ஒரு கொப்பி வேண்டும். 2018 மார்ச்சில் கண்டிக் கலவரத்தின்போது, 2019 ஏப்ரல் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புக்குப் பின், 2022 ஏப்ரல் 3 ஆம் திகதி என்று பல முறை இந்த நாட்டில் பேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் அரசாங்கம் மறித்தது. 2021 ஒக்ரோபர் 4 ஆம் திகதி உலகம் முழுக்க பேஸ்புக், இன்ஸ்ரகிராம், வட்ஸ்அப் மூன்றும் ஆறு மணி நேரத்துக்குக் கிட்டப் படுத்துவிட்டன. மூன்றும் ஒரே நிறுவனத்துடையவை, ஒன்று போனால் மற்றதில் சமாளிக்கலாம் என்ற கணக்கு அன்றைக்குப் பலிக்கவில்லை. 2022 இல் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் இல்லாமலும் இருந்தோம், அதில் போனுக்கு சார்ஜ் ஏற்றுவதே ஒரு வேலை. அந்த நாட்களில் வியாபாரம் செய்தவர்கள் கொப்பியில் நம்பர் எழுதி வைத்திருந்தவர்களும், வாடிக்கையாளரின் வீட்டு வழி தெரிந்தவர்களும்தான். அக்காவின் கொப்பியில் ஏற்கெனவே அறுபது பேர் இருந்தார்கள். நாலு வழியும் எழுதியிருந்த அதே கொப்பியின் பின்பக்கத்தில்.

சரி, கடைசியில் என்ன முடிவெடுத்தோம்?

அந்த அறுபது பேரையும் ஒரே நாளில் லிஸ்டில் ஏற்றவில்லை. துண்டைப் பார்த்து "ஓம்" அனுப்பியவர்களை மட்டும் சேர்த்தோம். முதல் கிழமை முப்பத்தொரு பேர். புது சிம்மில் வட்ஸ்அப் பிஸ்னஸ், விலையோடு பட்டியல், கிழமைக்கு ஒரு செய்தி. "இந்தக் கிழமை இருபது பை. முதலில் சொல்பவருக்கு" என்று உள்ளதைச் சொல்லிவிடுவது. தூள் தீர்ந்துவிட்டால் "முடிந்தது, அடுத்த கிழமை உங்களுக்கு முதலில்" என்று பெயரை எழுதி வைப்பது. பத்துக் கிலோ பன்னிரண்டாகப் போகிற வேகத்தில் லிஸ்டும் வளரட்டும்.

பேஸ்புக் பேஜ் அக்காவின் கணக்கிலேயே திறந்தோம், பெயர்ப்பலகையாக மட்டும். பூஸ்ட் இப்போது இல்லை. நல்லூர்க் கொடியேற்றத்துக்குப் பத்து நாள் முன்பிருந்து, யாழ்ப்பாணத்துக்குள் மட்டும், முடிவுத் திகதி போட்டு ஒருமுறை செய்து பார்ப்பதாக யோசனை. அதற்குள் இன்னொரு தாச்சியும் இன்னொரு கையும் கிடைத்தால்தான் அதுவும். கூகுள் மப்பில் முகவரி மறைத்த பதிவு ஒன்று.

யூரியூப்பருக்கு மச்சான் தர இருந்த காசை, மிளகாய் காயப்போடத் தகரக் கூரை ஒன்றுக்குத் தரமுடியுமா என்று அக்கா கேட்டிருக்கிறார். மச்சான் இரண்டு நாள் கதைக்கவில்லையாம். பிறகு, "கூரையைப் படம் எடுத்து அனுப்பு" என்றாராம்.

நேற்று ஸ்ரிக்கருக்கு வந்தார். ஆயிரம் அடித்தால் ஒன்றின் விலை குறையும் என்று வழக்கம்போலச் சொன்னேன். அவர் விரலில் கணக்குப் பார்த்தார்.

"இருநூறு காணும் தம்பி. கூரை இன்னும் போடேல்லை, மழை வரப்போகுது."

இருநூறு அடித்துக் கொடுத்தேன்.